ஒரு ரூமுக்கு நாலு பேர்

‘பட்டாசு வெடிக்க வேண்டாம்’ என்று நோட்டீஸ் அடித்துத் தரச் சொல்லித் திருத்தங்கல் பிரஸ் ஒன்றின் படியேறிய முதல் ஆள் சிஸ்டர் சலேத் மேரியாகத்தான் இருக்க வேண்டும். பிரஸ் நடத்தும் சரவணக்குமார் அவள் நீட்டிய தாளை வாங்கிப் படித்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் படித்தார். பின்னால் மெஷினில் சங்குசக்கரப் பெட்டிகளுக்கான லேபிள் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

“சிஸ்டர் ஊருக்குப் புதுசோ?”

“ஜூன்ல மாத்தலாகி வந்தேன். ஏன், எழுத்துப்பிழை ஏதும் இருக்கா?”

“எழுத்தெல்லாம் சுத்தமா இருக்கு.” சரவணக்குமார் சிரிப்பை அடக்கிக்கொண்டார். “என்ன கலர்ல போடட்டும்?”

“பச்சை. மூலையில ஒரு இலை வரணும்.”

“இலையா? அது எங்கிட்ட எம்புட்டு வேணும்னாலும் இருக்கு.” கம்ப்யூட்டரில் எதையோ தட்டித் திரையை அவள் பக்கம் திருப்பினார். பளபளவென்று ஒரு பச்சை இலை. “பசுமைப் பட்டாசுப் பெட்டிக்குனு வரைஞ்சது. அதையே போட்டுருவோம். இன்னொண்ணு சிஸ்டர், அடியில எங்க பிரஸ் பேரைச் சின்னதா, ரொம்பச் சின்னதாப் போட்டுக்கிடுதேன். கோவிச்சுக்கிடாதீக.”

அதில் இருந்த கேலி சலேத்துக்கு ஸ்கூட்டியில் பாதி வழி வந்த பிறகுதான் உறைத்தது. உறைத்தபோதும் பெரிதாகப் படவில்லை. வேம்பார் கடற்கரையில் பிறந்தவள் அவள். ஒரு காரியத்தைக் கையில் கொடுத்தால் முதலில் ஓடத் தொடங்கிவிடுவாள்; எங்கே ஓடுகிறோம் என்று பிறகுதான் பார்ப்பாள். முன்பு இருந்த ஊரில் ஓடையில் கோழிக்கழிவு கொட்ட வந்த லாரியை மறித்து ஸ்கூட்டியைக் குறுக்கே நிறுத்தியிருக்கிறாள். லாரி நின்றுவிட்டது. ஸ்கூட்டிதான் சரிந்து விழுந்து ஹெட்லைட்டை இழந்தது. அவளுடைய கன்னியர் சபையில் எல்லாருக்கும் தெரிந்த கதை அது.

இந்த வருடம் படைப்பைப் பேணும் வருடம் என்று சபை அறிவித்திருந்தது. தீபாவளிக்கு முன்னால் ஒவ்வொரு மடமும் ‘புகையில்லாத் தீபாவளி’ இயக்கம் நடத்தி, வெடிக்க மாட்டோம் என்று மக்களிடம் உறுதிமொழி வாங்க வேண்டும் என்று மதுரையிலிருந்து சுற்றறிக்கை வந்தது. அனுப்பியவர் சபையின் இந்தப் பகுதிக்குத் தலைவியான மதர் ஜெனோவேவா. விஸ்வநத்தம் ரோட்டில் பள்ளிக்கூடத்தோடு ஒட்டியிருந்த சின்ன மடத்தில் அதைச் சாப்பாட்டு மேஜையில் வைத்து வாசித்தவர் மடத்தின் பொறுப்பாளரான மதர் பிரகாசி. விளையாட்டு டீச்சராக இருந்தவர். குரல் இன்னும் மைதானத்துக்கு உரிய குரல். வாசித்து முடித்ததும் தாளை நாலாக மடித்து உப்பு ஜாடிக்கு அடியில் வைத்தார்.

“சிரபுஞ்சியில போயி மழை பெய்யக் கூடாதுன்னு நோட்டீஸ் ஒட்டச் சொல்றாங்க” என்றார்.

“ஒட்டித்தான் பாப்போமே மதர்.”

“நம்ம காம்பவுண்டுக்குள்ள ஒட்டு. வெளிய போயிராத.”

சலேத் காம்பவுண்டுக்குள் ஒட்டத் தொடங்கினாள். நோட்டீஸ் மிச்சமிருந்தது, பசை மிச்சமிருந்தது. அந்தப் பசையும் சரவணக்குமார் கொடுத்தனுப்பியதுதான், பெட்டிக்கு லேபிள் ஒட்டுகிற முதல் தரப் பசை. காம்பவுண்டுக்கு வெளியே ரேஷன் கடைச் சுவர் சும்மா கிடந்தது. அதற்கடுத்து பஸ் ஸ்டாப். அதற்கடுத்து இருளாண்டியின் டீக்கடை. இருளாண்டி தானே ஒரு நோட்டீஸை வாங்கி, தீபாவளிப் பட்டாசுச் சீட்டு விளம்பரத்துக்குப் பக்கத்தில் நேராக ஒட்டி, “ரெண்டும் ஒரே சைஸு, பாக்க லெச்சணமா இருக்குல்ல?” என்று அவளுக்கு டீயும் கொடுத்தார்.

ஊர் கோபப்படும், எதிர்க்கும் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தாள். ஊர் சிரித்தது. அதுதான் அவளுக்குக் கொஞ்சம் குத்தியது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் பள்ளிக்கூட வராந்தாவில் பெண்கள் குழு கூடும். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் சுற்றியிருக்கிற பட்டாசு ஆபீஸ்களில் வேலை பார்ப்பவர்கள். ஆபீஸ் என்றால் இந்தப் பக்கம் தொழிற்சாலை என்று அர்த்தம்: வெட்டவெளியில் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளிக் கட்டிய சின்ன அறைகள், நடுவில் வேப்பமரங்கள். அந்த அறைகளுக்குள் உட்கார்ந்து மருந்து அடைப்பதும் திரி சொருகுவதும் இவர்களுடைய வேலை.

அன்றைக்கு வந்தது பாதிப் பேர்தான். வந்தவர்களும் ஜெபம் முடிந்து வெகுநேரம் வாயைத் திறக்கவில்லை.

“என்ன இன்னைக்கு எல்லாரும் இம்புட்டு அமைதி?” என்று சலேத் கேட்டாள். வந்த சில மாதங்களில் அவள் நாக்கிலும் இந்த ஊர்ப் பேச்சு ஒட்டிக்கொண்டிருந்தது.

மற்றவர்கள் முருகேஸ்வரியைப் பார்த்தார்கள். குழுவில் எல்லாரும் கேட்க நினைப்பதைக் கேட்கிறவள் அவள்தான்.

“சுவத்துல என்னமோ ஒட்டிருக்கீகளே சிஸ்டர். வெடிக்க வேண்டாம்னு.”

“ஆமாக்கா.”

“சரி, வேண்டாம். எப்ப இருந்து வேண்டாம்? இந்தத் தீவாளிக்கு முன்னாலயா, நாங்க போனஸ் வாங்குனதுக்குப் பின்னாலயா?”

வராந்தா குலுங்கிச் சிரித்தது. சலேத்தும் சிரித்துவிட்டாள்; சிரித்து முடித்ததும் முகம் சூடானது.

“புகை எம்புட்டுக் கெடுதல்னு உங்களுக்குத் தெரியாதாக்கா? நெஞ்சுக்கு ஆகாது, பறவைக்கு ஆகாது, கைக்குழந்தைக்கு ஆகாது…”

“ஆகாதுதான். நான் என் பிள்ளைகளுக்கு ஒத்த வெடி வாங்கிக் குடுத்தது கெடையாது. எனக்கே அந்தச் சத்தம் சேராது. நோட்டீஸு பொய்யினு யாரு சொன்னா? அத வாசிக்கிற அன்னைக்கு எங்க வீட்டுல அடுப்பு எரியணும்ல, அதத்தான் கேக்கேன்.”

யாராவது இப்படி மடக்கினால் சலேத் சாதாரணமாகக் குரலை உயர்த்துவாள். அன்றைக்கு ஏனோ தரையில் அவர்களோடு உட்கார்ந்தாள்.

“சரி, நீங்களே சொல்லுங்க. சுவத்துல எதை எழுதிப் போட்டா உங்களுக்கு நல்லா இருக்கும்?”

“ஆபீஸ் வேன் இன்னும் கொஞ்சம் லேட்டா வரட்டும்னு எழுதுங்க.”

“எம் மாமியா ஊருக்குப் போகட்டும்னு எழுதுங்க.”

மறுபடியும் சிரிப்பு. அது அடங்குகிற நேரத்தில் தூணோரம் உட்கார்ந்திருந்த கற்பகவல்லி, “ஒரு ரூமுக்கு நாலு பேருன்னு எழுதுங்க சிஸ்டர்” என்றாள்.

ஒருவரும் சிரிக்கவில்லை. கற்பகவல்லி எப்போதும் கைகளை முந்தானைக்குள் வைத்திருப்பாள். இப்போது வெளியே எடுத்தாள். முழங்கை வரைக்கும் தோல், இழுத்துத் தைத்த துணிபோலச் சுருங்கியிருந்தது. முன்பு அவள் வேலை பார்த்தது வேறொரு ஆபீஸ். ஒரு ரூமில் நாலு பேர்தான் உட்கார வேண்டும் என்பது எல்லா ஆபீஸுக்கும் உள்ள சட்டம். சீசன் வந்து ஆர்டர் குவிந்தால் நாலு ஆறாகும், ஏழாகும். அன்றைக்கு அவளோடு சேர்த்து ஆறு பேர். ரூமுக்கு இரண்டு வாசல். ஒன்றில் அட்டைப்பெட்டி அடுக்கியிருந்தது. தீப்பிடித்தபோது மற்ற ஐந்து பேரும் ஒரே வாசலில் முட்டிமோதி வெளியேறினார்கள். இவள் கடைசி. யாரும் சாகவில்லை என்பதால் பேப்பரில்கூட வரவில்லை.

“நாலு பேரா இருந்திருந்தா நானும் ஓடியிருப்பேன்” என்றாள் கற்பகவல்லி. “அம்புட்டுத்தான்.”

இப்போது அவள் வேலை பார்ப்பது தனுஷ்கோடி அண்ணாச்சியின் ஆபீஸில். முருகேஸ்வரியும் அங்கேதான். அங்கேயும் இந்த வாரம் ஒரு ரூமில் ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

மறுநாள் காலையில் பஸ் ஸ்டாப் சுவரில் சலேத் ஒரு வாளித் தண்ணீரும் தகரத் துண்டுமாக நின்று தன் நோட்டீஸையே சுரண்டிக்கொண்டிருந்தாள். முதல் தரப் பசை அது. இலையின் நுனிகூட உரியவில்லை. ஆபீஸ் வேனுக்காகக் காத்திருந்த முருகேஸ்வரி கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தாள்.

“எதுக்குச் சிஸ்டர் நகத்த உடைக்கீக? அது பாட்டுக்கு இருக்கட்டும். மேலயே இன்னொண்ண ஒட்டிருவோம்.”

“அப்ப புகை நல்லதுன்னு ஆயிருமா?”

“ஆகாது. அது அடியில இருக்கட்டும். அவசரமானது மேல இருக்கட்டும்.”

சலேத் தகரத்தை வாளிக்குள் போட்டாள். நேராகத் திருத்தங்கலுக்கு வண்டியை விட்டாள். சரவணக்குமார் இந்த முறை தாளை ஒரே தடவைதான் படித்தார். சிரிக்கவில்லை.

“மொதல்ல அடிச்சதப் பாத்து முதலாளிமாரு சிரிச்சாக. நானும் சேந்து சிரிச்சேன். இதப் பாத்து சிரிக்க மாட்டாக சிஸ்டர். தனுஷ்கோடி அண்ணாச்சி லேபிள் மொத்தமும் எங்கிட்டதான் ஓடுது. என்னைய விட்டுருங்க.” சங்கடமாக நெளிந்தவர், அவள் கிளம்பும்போது வெற்று வெள்ளைத் தாள் ஒரு கட்டும் பசை ஒரு டின்னும் வண்டியில் வைத்தார். “வெறுந்தாளு. நீங்க அதுல என்ன எழுதுதீகன்னு எனக்குத் தெரியாது.”

எழுதும் வேலை மடத்து மேஜையில் தொடங்கியது. சலேத்தின் எழுத்து வண்டியைப் போலவே சாய்ந்து சாய்ந்து ஓடும். மூன்றாவது தாளிலேயே மதர் பிரகாசி பின்னால் வந்து நின்றார். நம் பள்ளிக்கூடத்துக்குப் போர்வெல் போட்டுத் தந்தவர் தனுஷ்கோடி அண்ணாச்சி என்பதை அவர் காலையிலிருந்தே ஞாபகப்படுத்திக்கொண்டிருந்தார். ஆனால் முந்தின சாயங்காலம் வராந்தா வழியாகப் போனபோது கற்பகவல்லியின் கைகளை அவரும் பார்த்திருந்தார். அன்றைக்கு ராத்திரி அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

“தள்ளு” என்றார் இப்போது. “கோழி கிண்டுன மாதிரி இருக்கு. ஸ்போர்ட்ஸ் டே பேனர் எல்லாம் எழுதுன கை இது.”

“போர்வெல்லு மதர்?”

“குழாய் அண்ணாச்சி போட்டது. தண்ணி ஆண்டவர் குடுத்தது. பிரஷ்ஷ எடு.”

சாயங்காலத்துக்குள் ரேஷன் கடைச் சுவரிலும் பஸ் ஸ்டாப்பிலும் பச்சை இலைகளுக்கு மேல் கொட்டை எழுத்தில் ‘ஒரு ரூமுக்கு நாலு பேர்’ நின்றது. வேறொன்றும் எழுதவில்லை. வெளியூர்க்காரன் யாராவது பார்த்தால் லாட்ஜ் விளம்பரம் என்று நினைத்திருப்பான். உள்ளூரில் எல்லாருக்கும் புரிந்தது.

இரண்டு நாள் கழித்து தனுஷ்கோடி அண்ணாச்சியின் கார் மடத்து வாசலில் வந்து நின்றது. வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். மதர் பிரகாசி காபி கொடுத்தார். காபி முடியும்வரை அண்ணாச்சி மழையைப் பற்றியே பேசினார். டம்ளரைக் கீழே வைத்த பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்.

“மொத நோட்டீஸுக்கு நான் கோவிக்கல சிஸ்டர். நீங்க ஒட்டுனதுனால டெல்லியில ஒருத்தன் வெடிக்காம இருக்கப் போறதில்ல. இது அப்படியில்ல.”

“உங்க பேர எழுதலையே அண்ணாச்சி.”

“பேர எழுதணுமா? எங்க ஆபீஸ் வேன் நிக்கிற எடத்துல ஒட்டியிருக்கீக.” அவர் குரலில் கோபத்தைவிட அலுப்புதான் இருந்தது. “பீகாருக்கு லோடு போகணும். மழைனால வேல நின்ன நாளெல்லாம் சேத்து இப்ப ஓட்டியாகணும். இருக்கிற ரூம்ல உக்கார வைக்காம ஆள வீட்டுக்கு அனுப்பட்டுமா? அந்தப் பொம்பளைகளே சீசன்ல நாலு காசு பாக்கத்தான் வாராக.”

“முன்ன வேறொரு ஆபீஸ்ல ஆறாவது ஆளா உக்காந்து வெந்தவ ஒருத்தி உங்ககிட்டயே வேல பாக்குறா. அவ கையப் பாத்திருக்கீங்களா?”

“பாத்துட்டுத்தான் வேல குடுத்தேன். வேற யாரும் குடுக்கல.” அண்ணாச்சி எழுந்துகொண்டார். வாசலில் செருப்பை மாட்டும்போது, “போர்வெல்லு நல்லா ஓடுதா மதர்?” என்று கேட்டார்.

“ஜோரா ஓடுது அண்ணாச்சி” என்றார் மதர் பிரகாசி, மைதானக் குரலில்.

கார் போன பிறகு சலேத் வெகுநேரம் வாழைப்பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கெட்டவராக இருந்திருந்தால் வேலை சுலபமாக இருந்திருக்கும் என்று பட்டது.

அதற்குப் பிறகு நடந்ததை அவள் திட்டமிடவில்லை. பெண்கள் அவளிடம் கேட்கவும் இல்லை. ஒருநாள் விடியற்காலையில் பால் வாங்கப் போனபோது முருகேஸ்வரி வழிமறித்து, “இன்னைக்கு ஆபீஸ் கேட்டுப் பக்கம் வந்துட்டுப் போங்க சிஸ்டர். ஒண்ணும் செய்ய வேண்டாம், சும்மா நில்லுங்க. எங்களுக்கு ஒரு தெம்பு” என்று மட்டும் சொல்லிவிட்டு வேனில் ஏறிக்கொண்டாள்.

சும்மா நிற்பது சலேத்துக்கு வராத ஒன்று. பயமாகவும் இருந்தது. வழியெல்லாம் ‘அருள் நிறைந்த மரியே’ ஜெபம் சொல்லிக்கொண்டே வண்டியை ஓட்டினாள். ஆபீஸ் கேட்டில் போர்மேன் அழகுராஜா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடிவந்தான்.

“உள்ள வரப்படாது சிஸ்டர்! உங்க சேலை சிந்தெட்டிக். உரசுனா பொறி வரும். ரூல் அது.”

“ரூல் எல்லாம் நல்லாத் தெரியுதே உங்களுக்கு. ஒரு ரூமுக்கு எத்தனை பேருன்னு ரூல்?”

அழகுராஜா உள்ளே திரும்பிப் பார்த்தான். சலேத்தும் கேட் கம்பி வழியாகப் பார்த்தாள். ஒவ்வொரு ரூமிலும் நாலு பேர் உட்கார்ந்து வழக்கம்போல வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐந்தாவது, ஆறாவது ஆட்கள் எல்லாம் வேப்பமரங்களின் கீழே வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கோஷம் இல்லை, கொடி இல்லை. தலை வாரிக்கொண்டும் பேன் பார்த்துக்கொண்டும் பேசிக்கொண்டிருந்தார்கள். கல்யாண வீட்டுக்குச் சீக்கிரமே வந்துவிட்டவர்கள்போல இருந்தது. அன்றைய கூலியை உள்ளே இருப்பவர்களும் வெளியே இருப்பவர்களும் பங்கு போட்டுக்கொள்வதென்று முந்தின நாளே பேசி வைத்திருந்தார்கள்.

“காலையில இருந்து இப்படித்தான் சிஸ்டர். திட்டிப் பாத்தேன், கெஞ்சிப் பாத்தேன்” என்றான் அழகுராஜா பரிதாபமாக. “சொல்லுற எல்லாத்துக்கும் சரிங்காக. எந்திரிக்க மாட்டேங்காக.”

அண்ணாச்சி வந்தார். காரிலிருந்து இறங்கும்போதே சலேத்தைப் பார்த்துவிட்டார்.

“இது உங்க வேலையா சிஸ்டர்?”

“என்னை உள்ளயே விடல அண்ணாச்சி. சேலை சரியில்லையாம்.”

அவர் உள்ளே போனார். மரத்தடியில் இருந்தவர்கள் எல்லாரும் மரியாதையாக எழுந்து நின்றார்கள். அவருக்கு நம்பிக்கை வந்திருக்கும். நின்று முடித்ததும் எல்லாரும் மறுபடி உட்கார்ந்துகொண்டார்கள்.

முருகேஸ்வரியின் குரல் வெளி கேட் வரைக்கும் கேட்டது. “வேல செய்ய மாட்டோம்னு சொல்லல மொதலாளி. ரூம் குடுங்க, இப்பமே உக்காருதோம்.”

“ரூமுக்கு நான் எங்க போக? ஒரே ராத்திரியில கட்டச் சொல்லுதியா?”

கற்பகவல்லி எழுந்தாள். கையை முந்தானைக்குள் மறைக்கவில்லை. மரத்தடியிலிருந்து நடந்துபோய், கடைசி வரிசையில் பூட்டிக் கிடந்த ரூம்களில் ஒன்றின் முன்னால் போய் நின்றாள். அவள் பின்னாலேயே அண்ணாச்சியும் போனார்; எரிச்சலோடு பூட்டைத் திறக்கச் சொன்னார். கதவைத் திறந்ததும் காலி அட்டைப்பெட்டிகள் சரிந்து அவர் காலடியில் கொட்டின. அடுத்த ரூமும் அப்படித்தான். அதற்கடுத்ததும். எல்லாம் மருந்து அடைக்க லைசென்ஸ் வாங்கிய ரூம்கள். போன சீசனில் அட்டை போட இடமில்லாமல் கொஞ்சம் வைத்தார்கள், பிறகு கொஞ்சம், பிறகு அது அட்டை ரூம் என்றே ஆகிப்போனது. ஆட்கள் வேலை பார்க்கிற ரூம்களிலும் ஒரு வாசலை அடைத்து அட்டை நின்றது. அண்ணாச்சி அதையும் பார்த்தார்.

“இத எங்கன கொண்டு போயிப் போட?” என்று வெளி கேட் பக்கம் வந்து பொதுவாகக் கேட்டார். கேள்வி அழகுராஜாவுக்குத்தான். “வானம் இருட்டிக்கிட்டு வருது. நனைஞ்சா அம்புட்டும் கூழு.”

சலேத்தின் வாய் அவளுக்கு முன்னால் முந்திக்கொண்டது. “எங்க ஸ்கூல் ஹால்ல போடுங்க அண்ணாச்சி. காலாண்டு லீவுதானே.”

அண்ணாச்சி அவளை ஏற இறங்கப் பார்த்தார். “வெடிக்க வேண்டாம்னு நோட்டீஸ் ஒட்டுன சிஸ்டரு, பட்டாசுப் பெட்டிய மடத்துல அடுக்கச் சொல்லுதீக?”

“காலி அட்டைதானே. ஒரு பொட்டு மருந்து இருந்தாலும் திருப்பி அனுப்பிருவேன்.”

அவர் முகத்தில் சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒன்று வந்து போனது. “ஏலே அழகுராஜா, மினி லாரியக் கூப்புடு. எல்லா வாசலையும் தொறந்து விடு.”

மரத்தடி முழுக்க ஒரே ஆரவாரம். பெண்கள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வரிசையாக நின்று அட்டையைக் கைமாற்றினார்கள். முதல் லோடு கிளம்பும்போது தூறல் போட ஆரம்பித்தது. தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு நாலு பேர் லாரிக்கு இரண்டு பக்கமும் ஓட, அழகுராஜா “மெதுவா, மெதுவா” என்று கத்திக்கொண்டே எல்லாரையும்விட வேகமாக ஓடினான்.

சலேத் ஸ்கூட்டியில் லாரிக்கு முன்னால் பறந்தாள். மதர் பிரகாசியிடம் தகவல் சொல்ல வேண்டும். லாரி அவளுக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டது. வழியில் அவளுக்குப் பெட்ரோல் தீர்ந்துபோனது. வண்டியைத் தள்ளிக்கொண்டு அவள் காம்பவுண்டுக்குள் நுழைந்தபோது, பூச்சட்டியும் ராக்கெட்டும் சங்குசக்கரமும் படம் போட்ட அட்டைப்பெட்டிகள் ஹால் படியேறிக்கொண்டிருந்தன. மதர் பிரகாசி இடுப்பில் கைவைத்து நின்று, “ஏய், மேடைப் பக்கம் அடுக்காதீங்க, மாதா சுரூபம் இருக்கு! வரிசையா, வரிசையா!” என்று நடத்திக்கொண்டிருந்தார். சலேத்தைப் பார்த்ததும், “உனக்கு அப்புறம் இருக்கு” என்றார்.

அந்த அமளியில் இருவருமே ஒன்றை மறந்துபோனார்கள். அந்த வெள்ளிக்கிழமைதான் மதர் ஜெனோவேவா மதுரையிலிருந்து வருவதாக இருந்தது. புகையில்லாத் தீபாவளி இயக்கம் எப்படி நடக்கிறது என்று பார்வையிடுவதற்கு.

அவர் காரைவிட்டு இறங்கி, கை கால் கழுவி, நேராக ஹாலுக்குப் போனார். அங்கேதான் குழந்தைகள் வரைந்த ஓவியக் கண்காட்சி இருக்கும் என்று நினைத்திருக்கிறார். கதவைத் திறந்தார். கூரை வரைக்கும் பட்டாசுப் பெட்டி.

“இது என்ன சிஸ்டர் சலேத்?”

சலேத் சொன்னாள். சுருக்கமாகச் சொல்ல வேண்டும் என்றுதான் தொடங்கினாள். பசையில் தொடங்கி, முருகேஸ்வரியின் போனஸ் கேள்வி, மதர் பிரகாசியின் பிரஷ், அழகுராஜாவின் சிந்தெட்டிக் என்று ஒன்றையும் விடாமல் சொல்லி முடிப்பதற்குள் காபி ஆறிவிட்டது. கற்பகவல்லியின் கைகளைப் பற்றி மட்டும் மதர் பிரகாசிதான் சொன்னார்.

மதர் ஜெனோவேவா கண்டிப்பானவர். கேட்டு முடித்து, ஒரு பெட்டியைத் தட்டிப் பார்த்தார். காலி என்று உறுதி செய்துகொண்டார்.

“உறுதிமொழி எத்தனை பேர் எடுத்தாங்க?”

“ஒருத்தரும் எடுக்கல மதர்.” சலேத் தலையைக் குனிந்துகொண்டாள். “ஆனா புகை கெடுதல்னு நான் இப்பவும் சொல்லுவேன். அவங்களும் சொல்லுவாங்க. அதுக்கு வேற வேல வேணும், அது ஒரு தீபாவளியில நடக்காது.”

“நான் ரோமுக்கு அறிக்கை அனுப்பணுமே. மூணே தலைப்புதான் குடுத்திருக்காங்க. படைப்பு, நீதி, சமாதானம். இதை எதுல போடட்டும்?”

“சமாதானத்துல போடுங்க மதர்” என்றார் பிரகாசி சட்டென்று. “அண்ணாச்சி இன்னும் நம்மகிட்ட பேசுறார்ல.”

மதர் ஜெனோவேவாவுக்கு வந்த சிரிப்பை அவர் இருமலாக மாற்றிக்கொண்டார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கற்பகவல்லியைப் பார்க்க வேண்டும் என்றார். வேலை முடிந்து அவள் வந்த பிறகு இருவரும் வராந்தாவில் தனியாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன பேசினார்கள் என்று சலேத்துக்குத் தெரியாது. காரில் ஏறும்போது மதர் ஜெனோவேவா, “அடுத்த சுற்றறிக்கைய எழுதுறதுக்கு முன்னால இங்க ஒரு போன் பண்றேன்” என்றார். அவ்வளவு சொன்னதே பெரிது.

அண்ணாச்சியின் லோடு தாமதமாகத்தான் பீகாருக்குப் போனது. அவர் அதற்காகப் பார்க்கிற இடத்திலெல்லாம் புலம்பினார். ஆனால் சீசன் முடியும்வரை அவருடைய ரூம்களில் ஐந்தாவது ஆள் உட்காரவில்லை. அக்கம்பக்கத்து ஆபீஸ்கள் இரண்டில் பெண்கள் இதையே கேட்டார்கள். ஒன்றில் முணுமுணுத்துக்கொண்டு ஒத்துக்கொண்டார்கள். இன்னொன்றில் கேட்ட வெள்ளைத்தாயை வேலையைவிட்டு நிறுத்தினார்கள். அவளையும் கூட்டிக்கொண்டு சலேத்தும் முருகேஸ்வரியும் தொழிலாளர் அலுவலகத்துக்கு நடந்துகொண்டிருக்கிறார்கள். மனு வாங்கிய அதிகாரி நல்லபடியாகப் பேசுகிறார்; இன்னும் ஒன்றும் செய்யவில்லை. இதற்கிடையில் வெள்ளைத்தாயை அண்ணாச்சியே வேலைக்கு எடுத்துக்கொண்டார். “எனக்கு இதுவே தொழிலாப் போச்சு” என்று மதர் பிரகாசியிடம் சலித்துக்கொண்டார்.

தீபாவளியன்று பூசை முடிந்ததும் மடத்தில் சுட்ட முறுக்கையும் கொய்யாப்பழங்களையும் பைகளில் போட்டுக்கொண்டு சலேத் முருகேஸ்வரியின் தெருவுக்குப் போனாள். தெருமுனை வரைக்கும் வெடிச்சத்தம் காதைக் கிழித்தது. உள்ளே நுழைந்தால் ஆள் நடமாட்டம் இல்லை. ஏதும் விபரீதமோ என்று அவளுக்குத் திக்கென்றது. முருகேஸ்வரி வீட்டுக் கதவு சாத்தாமல் கிடந்தது. எட்டிப் பார்த்தாள்.

முருகேஸ்வரி புதுச்சேலை கசங்க, வெறுந்தரையில் கையைத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டில் கற்பகவல்லியும் தூங்கிக்கொண்டிருந்தாள். அதற்கடுத்த வீட்டிலும் அப்படித்தான். மாதக்கணக்கில் இருட்டில் எழுந்து வேனைப் பிடித்தவர்கள். சீசன் முடிந்துவிட்டது. தீபாவளிப் பலகாரத்தை எண்ணெயிலிருந்து எடுத்து வைத்த கையோடு அந்தத் தெருவின் பெண்கள் எல்லாரும் பட்டப்பகலில் படுத்துவிட்டார்கள். தூரத்தில் சரம் சரமாக வெடித்தது. ஒருத்தியும் புரளக்கூட இல்லை.

சலேத் பைகளை ஒவ்வொரு கதவுத் தாழிலும் ஓசைப்படாமல் மாட்டினாள். வண்டியைக் கிளப்பாமல் தெருமுனை வரைக்கும் தள்ளிக்கொண்டே போனாள்.